பேசினில் நின்ற தண்ணீர்

"அத ஊத்தாதீங்க."

குரல் மேலே இருந்து வந்தது.

சவுரியம்மாளின் கை அப்படியே நின்றது. வலக்கையில் திராவகப் பாட்டில், இடக்கையில் அதன் கார்க்கு. எதிரே வெள்ளைப் பீங்கான் பேசினில் நான்கு நாளாகப் போகாமல் நிற்கும் கலங்கல் தண்ணீர். குளியலறைக் கதவை அவளே உள்ளே தாழ் போட்டிருந்தாள். அப்புறம் ஆண்குரல் எங்கிருந்து...?

நிமிர்ந்து பார்த்தாள். சுவரின் உச்சியில் காற்றுக்காக விட்ட சின்ன ஜன்னல். அதற்கு அப்பால், அடுத்த வீட்டுச் சுவரில் சாத்திய ஏணியின் மேல் ஒருவன் நின்றிருந்தான். தூறலில் நனைந்த முடி நெற்றியில் ஒட்டிக் கிடந்தது. அவள் முதலில் பார்த்தது அவன் கண்களைத்தான்... பயந்துபோன கண்கள். பெண்கள் புழங்கும் இடத்தை எட்டிப் பார்க்கிறவன் கண்ணில் பயம் எதற்கு என்று அவள் பிறகுதான் யோசித்தாள். அந்த நேரம் வந்தது கோபம் மட்டும்தான்.

"வெக்கமா இல்லையா உங்களுக்கு?"

"இருக்குதுங்க. அந்தக் கார்க்க மூடுங்க, அப்புறம் வெக்கப்படறேன்."

"யாரு நீங்க?"

"பைப் பிட்டர். ஷபீ பாய் வீட்டுக் கூரைத் தண்ணி பைப்பு விட்டுப்போச்சு, அதுக்கு வந்தேன். உங்கள நான் பாக்கலீங்க... பாட்டில்தான் பாத்தேன்." அவன் குரல் இறங்கியது. "ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. இதுக்கு முன்னாடி பேசின்ல வேற ஏதாச்சும் போட்டீங்களா?"

பதில் சொல்லக் கூடாது என்று நினைத்துக்கொண்டே சொன்னாள்.

"நேத்து சாயந்திரம் அப்பா காஸ்டிக் சோடா போட்டாரு. அடைப்பு போகல."

ஏணியை அவன் பிடித்திருந்த கை வெளுத்தது அவளுக்குத் தெரிந்தது.

"பாட்டில கீழ வைங்க... மெதுவா. காஸ்டிக் தண்ணியில திராவகம் பட்டா அப்படியே பொங்கி மூஞ்சிக்கு வரும்."

"எங்கப்பா தோல் ஷாப்புல ரைட்டர். இருவது வருஷமா அங்கதான் இருக்காரு. அவருக்குத் தெரியாததா?"

"ஐயாவுக்கு நல்லா எழுதப் படிக்கத் தெரியும். திராவகத்துக்குப் படிக்கத் தெரியாதுங்களே..."

சிரிப்பு வந்துவிடும் போலிருந்தது. அதை மறைக்க அவள் பாட்டிலைத் தரையில் வைத்துவிட்டு, கொக்கிக் கம்பை எடுத்து ஜன்னல் கதவை இழுத்து மூடினாள்.

பிறகு கார்க்கை அழுத்தி மூடி, பாட்டிலைக் கொண்டுபோய்ப் பின்கட்டின் மூலையில் வைத்தாள்.

* * *

அது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தைந்தாம் வருஷம். ஐப்பசி மழை விட்டுவிட்டுப் பெய்துகொண்டிருந்தது. ஆம்பூரில் பீங்கான் பேசின் இருந்த வீடுகளை விரல் விட்டு எண்ணிவிடலாம். தோல் பதம் பார்க்க வந்த ஒரு வெள்ளைக்காரருக்காகத் தோல் ஷாப்பு முதலாளி நிசார் அஹமது சாயபு கட்டிய வீடு இது. வெள்ளைக்காரர் ஊர் போய்ச் சேர்ந்த பிறகு ஷாப்பில் கணக்கெழுதும் ரைட்டருக்கு, சவுரியம்மாளின் அப்பா ஆரோக்கியசாமிக்குக் கொடுத்தார். மாடியில் தண்ணீர்த் தொட்டி, சுவரில் குழாய், குழாய்க்குக் கீழே பேசின், அதற்கு மேலே முகம் பார்க்கும் கண்ணாடி. வீட்டுக்கு வருகிறவர்களை ஆரோக்கியசாமி உட்காரச் சொல்வதற்கு முன்னால் கை கழுவத்தான் கூப்பிடுவார்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை வாலாஜாபேட்டையிலிருந்து பெண் பார்க்க வருகிறார்கள். மாப்பிள்ளைக்கு ரயில்வே கூட்ஸ் ஆபீசில் வேலை. சவுரியம்மாளுக்கு இருபத்து நான்கு வயது. கன்னியர் நடத்தும் பள்ளியில் டீச்சர். அம்மா போய் ஐந்து வருஷம் ஆகிறது. இந்த வரனை அவள் வேண்டும் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. அப்பாவின் கவலையெல்லாம் பேசினைப் பற்றித்தான். காலையில் தோல் ஷாப்பிலிருந்து அவரே திராவகம் கொண்டுவந்து, "மத்தியானம் நான் வர்றதுக்குள்ள ஊத்தி வெச்சிடு" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

கால்மணி நேரத்தில் வாசலில் செருமல் கேட்டது. ஷபீ அஹமது பாய். அறுபது வயதுத் தோல் வியாபாரி, பக்கத்து வீடு. பின்னால் தலையைக் குனிந்துகொண்டு அந்தப் பிட்டர், கையில் சாக்குப் பை.

"பேட்டி, மகளே, இவன் ஏணிய விட்டு இறங்கி வந்து ஒரே பேஜார் பண்றான். உங்க வீட்டு அடைப்ப எடுத்துட்டுத்தான் எங்க வீட்டு வேலைய பாப்பானாம். எடுக்கட்டும், நான் இங்க உக்காந்துக்கறேன்" என்று பாய் பின்வாசல் பக்கம் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"பேரு?" பள்ளிக்கூடத்தில் கேட்கிற குரலிலேயே கேட்டாள்.

"இருதயராஜ்ங்க, டீச்சர்." பெஞ்சு மேல் நிற்கும் பையன் மாதிரி பதில் வந்தது.

"நான் டீச்சர்ன்னு யாரு சொன்னா?"

"யாரும் சொல்லலீங்க... கேள்வி கேக்கறதிலயே தெரியுது."

பாய் வெற்றிலையோடு சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. சிரிக்காமல் இருக்கக் கொஞ்சம் பாடுபட வேண்டியிருந்தது.

வேலை ஆரம்பித்ததும் அவன் வேறு ஆளாகிவிட்டான். முதலில் ஜன்னலையும் கதவையும் விரியத் திறந்தான். நிறைய நல்ல தண்ணீரைத் தொட்டியில் எடுத்து வைக்கச் சொன்னான், "மேல பட்டா தேடிக்கினு இருக்கக் கூடாது பாருங்க." பையிலிருந்து முழங்கை வரை ஏறும் ரப்பர் உறையை எடுத்து மாட்டினான். பாய்லர் வேலைக்குப் போடும் கண்ணாடியைக் கண்ணுக்குப் போட்டுக்கொண்டு அவளைப் பார்த்தான். ஆந்தை மாதிரி இருந்தது.

"நீங்க வாசப்படிக்கு அந்தாண்ட நில்லுங்க."

"ஏன், எனக்குப் பயம் இல்ல."

"எனக்கு இருக்குதுங்க."

நின்றாள். பேசினில் நின்ற தண்ணீரை அவன் எனாமல் குவளையால் கொஞ்சம் கொஞ்சமாக முகந்து, பாதி தண்ணீர் நிரப்பிய வாளியில் விட்டான். சொட்டுக்கூடத் தெறிக்கவில்லை. அவ்வளவு பெரிய கைக்கு இத்தனை பதனமா... என்று தோன்றியது. பாத்திரம் கழுவினால் கூட அவளால் சேலை நனையாமல் கழுவ முடியாது. வாளியைப் பின்பக்கம் எடுத்துப்போய், செடி இல்லாத மூலையில் குழி பறித்து, மேலே மேலே தண்ணீர் விட்டுக் கொட்டினான்.

அப்போதுதான் உறையைக் கழற்றினான். இடது முன்கையில் மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை தோல் சுருங்கிப் பளபளவென்று இருந்தது. அவள் பார்ப்பதை அவன் பார்த்துவிட்டான்.

"இதேதாங்க" என்றான். "அப்ப எனக்குப் பத்தொம்போது வயசு. ஒரு பங்களாவுல தொட்டி அடைச்சிருந்தது. முன்னாடி யாரோ காஸ்டிக் போட்டது எனக்குத் தெரியாது. குனிஞ்சு திராவகத்த ஊத்தினேன். அந்த நேரம் பார்த்து வெளிய தோட்டக்காரன் பொண்டாட்டி யாரையோ 'ராஜா, ராஜா'ன்னு கூப்பிட்டுச்சு. என்னத்தான்னு நினைச்சு திரும்பிட்டேன். கையோட போச்சு, கண்ணு தப்பிச்சுது."

"யாரைக் கூப்பிட்டாங்க?"

"அதோட ஆட்டுக்குட்டிய."

இந்தத் தடவை அவளால் முடியவில்லை, சிரித்துவிட்டாள். சிரித்த வேகத்தில் கண் கலங்கியது. அவன் சட்டென்று குனிந்து பேசினுக்கு அடியில் போய்விட்டான்.

மறுபடி உறையை மாட்டி, வளைந்த குழாய்க்கு நேர் கீழே காலி வாளியை வைத்து, ரெஞ்சால் மரையைத் திருகினான். குழாய் கழன்று வந்தது. உள்ளே இருந்த தண்ணீர் வாளியில் விழுந்தது. நுனி வளைத்த கம்பியை உள்ளே விட்டு மெதுவாக இழுத்தான்.

வந்தது... கறுப்பாக, சோப்பும் சீயக்காயும் பூசிக்கொண்டு, முழ நீளத்துக்கு, கயிறு கயிறாக... வந்துகொண்டே இருந்தது.

முடி.

அவளுடைய முடி. முட்டிக்குக் கீழே தொங்கும் முடியைக் கிணற்றடியில் அலச ஒரு மணி நேரம் ஆகும். கண்ணாடி பார்த்துக்கொண்டே பேசினில் அலசினால் பத்து நிமிஷம். பேசின் முகம் கழுவ மட்டும்தான் என்று அப்பா நூறு தடவை சொல்லியிருக்கிறார். அப்பா ஷாப்புக்குப் போன பிறகு ஒரு வருஷமாக நடக்கும் காரியம் இது. நேற்று, "அந்தக் காலத்துப் பிட்டர் ஒழுங்கா பைப்பு போடல" என்று அப்பாவிடம் சொன்னவளும் அவள்தான்.

தரை பிளந்தால் உள்ளே போய்விடலாம் போலிருந்தது. இருதயராஜ் ஒரு தடவைகூட நிமிர்ந்து அவள் பின்னலைப் பார்க்கவில்லை. பழைய செய்தித்தாளில் எல்லாவற்றையும் சுற்றிச் சாக்குப் பைக்குள் போட்டான். அவன் காது மட்டும் சிவந்திருந்தது.

வளைவுக் குழாயைக் கழுவி மாட்டி, கைபொறுக்கிற வெந்நீர் கேட்டான். "கொதிக்கறது வேணாங்க, பீங்கான் விரிஞ்சிடும்." வெந்நீர் சுழித்துக்கொண்டு இறங்கியது. அந்தச் சத்தத்தோடு ஆரோக்கியசாமி உள்ளே வந்தார்.

பாய் நடந்ததையெல்லாம் ஆசையோடு சொன்னார். சொல்லச் சொல்ல ரைட்டரின் முகம் இறுகியது. பிட்டர் ஒருத்தன் தன் வீட்டுக்குள் வந்து, தான் சொன்னது தப்பு என்று தன் மகளுக்கே சொல்லியிருக்கிறான்.

"திராவகம் ஊத்தியிருந்தா அஞ்சு நிமிஷத்துல முடிஞ்சிருக்கும்" என்றார். "சரி, உள்ள இன்னா அடைச்சிருந்தது?"

சவுரியம்மாள் சாக்குப் பையைப் பார்த்தாள்.

"நாருங்க, ஐயா" என்றான் இருதயராஜ். "பழைய வீடு பாருங்க... நாரு மாதிரி."

தகரத் துண்டு ஒன்றை வட்டமாக வெட்டி, ஆணியால் ஓட்டை குத்தி, பேசின் வாயில் பொருத்தினான். நாரு இனிமேல் உள்ளே போகாது என்று சுவரைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போய்விட்டான். ஆரோக்கியசாமி அவனுக்கு ஒரு வார்த்தை நல்லபடியாகச் சொல்லவில்லை.

* * *

ஞாயிறு காலை மாதா கோயில் பூசையில் சவுரியம்மாள் ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். கடைசி வரிசையில், தூணுக்குப் பக்கத்தில், சலவைச் சட்டையின் நீளக் கையை மணிக்கட்டு வரை பொத்தான் போட்டுக்கொண்டு இருதயராஜ் நின்றிருந்தான். இத்தனை நாள் இங்கேதான் நின்றிருக்கிறானா...? அவனும் பார்த்தான். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பூசைப் புத்தகத்துக்குள் முகத்தை வைத்துக்கொண்டார்கள். அவள் புத்தகம் தலைகீழாக இருந்தது.

பதினோரு மணிக்கு வாலாஜாபேட்டைக்காரர்கள் வந்தார்கள். மாப்பிள்ளை, அவர் அம்மா, ஒரு மாமா. மாப்பிள்ளை பார்க்க நன்றாகவே இருந்தார். பேசினில் கை கழுவி, குழாயைத் திறந்து மூடித் திறந்து பார்த்தார்.

சவுரியம்மாள் காப்பித் தட்டோடு வந்தபோது அப்பா உற்சாகமாகப் பேசிக்கொண்டிருந்தார்.

"நேத்து வரைக்கும் அடைச்சிக்கினுதான் இருந்தது. பிட்டருங்களுக்கு இன்னா தெரியும்? நானே காஸ்டிக் போட்டேன், அது மேல திராவகம் ஊத்தினேன். அஞ்சே நிமிஷம்."

அப்பாவின் சின்னப் பெருமை, இருந்துவிட்டுப் போகட்டும். மாப்பிள்ளைக்குக் காப்பியை நீட்டினாள்.

"அப்படியா?" என்றார் மாப்பிள்ளையின் அம்மா. "எங்க குளிக்கிற ரூம்லயும் ஒரு வாரமா தண்ணி போகல. காஸ்டிக் போட்டு வெச்சிருக்கோம், இன்னும் அப்படியே நிக்குது. திராவகம்தான் ஊத்தல. டேய், இன்னைக்குப் போனதும் நீயே ஊத்திடு."

மாப்பிள்ளை தலையாட்டினார். நல்ல கண்கள், நீளமான இமைகள். காப்பியை ஊதிக் குடித்துக்கொண்டிருந்தார்.

அவள் அப்பாவைப் பார்த்தாள். அப்பா தரையில் விரித்த கோரைப் பாயைப் பார்த்துக்கொண்டிருந்தார். சொல்லிவிடுவார் என்று ஒரு நொடி நின்றாள்... இன்னொரு நொடி நின்றாள். அப்பா வாயைத் திறக்கவில்லை.

"ஊத்தக் கூடாதுங்க" என்றாள்.

மாப்பிள்ளை காப்பியிலிருந்து தலை நிமிர்ந்தார்.

"எங்க வீட்ல திராவகம் ஊத்தல. காஸ்டிக் மேல அது பட்டா பொங்கி மூஞ்சில அடிக்கும், கண்ணு போயிடும். பிட்டர் வந்து தண்ணிய முகந்து கொட்டிட்டு, பைப்பக் கழட்டித்தான் எடுத்தாரு." காப்பித் தட்டை ஓரமாக வைத்தாள். "அடைச்சிருந்தது என் முடி. அப்பாவுக்குத் தெரியாம பேசின்ல தல அலசினேன்."

மாப்பிள்ளையின் அம்மா காப்பித் தம்ளரைக் கீழே வைத்தார். முடி என்ற வார்த்தை காப்பியில் விழுந்தது மாதிரி முகத்தைச் சுளித்தார். பெற்ற அப்பனை நாலு பேர் முன்னால் பொய்யனாக்குகிற பெண், நாளைக்குப் புருஷனை என்ன செய்ய மாட்டாள் என்று மாமா பொதுவாகக் கூரையைப் பார்த்துக் கேட்டார். மாப்பிள்ளை ஏதோ சொல்ல வந்து அம்மாவைப் பார்த்து அடங்கினார். பன்னிரண்டு மணி ரயிலுக்கே கிளம்பிவிட்டார்கள்.

அப்பா சாப்பிடவில்லை, பேசவும் இல்லை.

திங்கள், செவ்வாய், புதன்... வீட்டில் மழைச் சத்தம் மட்டும்தான். அவள் பரிமாறினாள், அவர் சாப்பிட்டார். வேண்டும் வேண்டாம் எல்லாம் கையாலேயே. ஜன்னலுக்கு அப்பால் ஏணியும் இல்லை. சம்பந்தம் முறிந்தது ஷபீ பாய் வழியாகப் பிட்டருக்குத் தெரிந்து, "என்னால டீச்சருக்கு இப்படி ஆய்ப்போச்சே" என்று சொன்னானாம். அதிலிருந்து இந்தத் தெருப்பக்கமே வரவில்லையாம். ஏலகிரி மேல் கட்டும் பங்களா ஒன்றுக்கு பைப்பு வேலை வந்திருக்கிறது, ஒத்துக்கொண்டானாம்.

போகட்டுமே என்று நினைத்தாள். யாரோ ஒருத்தர், ஒரு சனிக்கிழமை அடைப்பு எடுக்க வந்தவர்... போகட்டுமே. கரும்பலகையில் கணக்கு எழுதும்போது ஏழும் எட்டும் பதினாலு என்று போட்டாள். நாற்பது பிள்ளைகளும் ஒரே குரலில் திருத்தினார்கள்.

வெள்ளிக்கிழமை சாயந்திரம் அப்பா வீட்டுக்கு வந்ததும் குடையை மடக்காமலேயே நின்றார்.

"திராவகத்த ஷாப்புல திருப்பிக் குடுத்துட்டேன்" என்றார். ஆறு நாளில் முதல் பேச்சு. "அங்க இருக்கற மேஸ்திரிகிட்ட கேட்டேன். உங்க பொண்ணு மூஞ்சிய நீங்களே வேக வெக்கப் பாத்தீங்களான்னு கேட்டான்."

அவள் அடுப்பை விட்டு எழுந்து வந்தாள்.

"ஞாயித்துக்கிழமையே வாயத் தொறந்திருக்கணும். இல்லாட்டி மறுநாளே வாலாஜாபேட்டைக்கு ஒரு கார்டு போட்டிருக்கணும். ரெண்டும் பண்ணல." குடையிலிருந்து தண்ணீர் சொட்டி அவர் காலடியில் குளமாகியது. "இன்னைக்குப் போட்டுட்டேன். நான் சொன்னது பொய், என் பொண்ணு சொன்னதுதான் நெசம்ன்னு எழுதினேன். நாலு வரிதான். அத எழுத எனக்கு மத்தியானம் பூரா ஆச்சு, சவுரி."

"அப்பா..."

"அந்தப் பையன் எந்தக் கோயிலுக்குப் போறான்?"

"நம்ம கோயில்தான். கடைசி வரிசை, தூணுக்கு இந்தப் பக்கம்."

சொன்ன பிறகுதான் வேகமாகச் சொல்லிவிட்டோம் என்று தெரிந்தது. அப்பா அவளை ஒரு நிமிஷம் பார்த்தார். பிறகு குடையை மடக்கினார்.

* * *

அந்த ஞாயிறு பூசை முடிந்து எல்லோரும் கலைந்த பிறகு, கோயில் முற்றத்துப் புங்கமரத்தடியில் ஆரோக்கியசாமி இருதயராஜைக் கூப்பிட்டு நிறுத்தினார். சவுரியம்மாள் பத்தடி தள்ளி நின்றாள்.

"தம்பி, அன்னைக்கு உங்கள ஒரு வாய் தண்ணி குடிங்கன்னு கூட நான் சொல்லல."

"பரவால்லீங்க, ஐயா."

"பரவால்லன்னு சொன்னா ஆச்சா? உங்க வீட்ல யார் யாரு?"

"அம்மா மட்டும்தாங்க. வாணியம்பாடியில இருக்காங்க."

"ஒரு நாள் போய்ப் பாக்கணும்" என்றார் ரைட்டர். எதற்கு என்று சொல்லவில்லை. சாமியாரிடம் ஒரு விஷயம் கேட்க வேண்டும் என்று சொல்லிவிட்டு, குடையையும் எடுத்துக்கொண்டு கோயிலுக்குள் போய்விட்டார். தூறல் ஆரம்பித்திருந்தது. குடை இல்லாமல் இரண்டு பேர் மரத்தடியில் நிற்க வேண்டியதாயிற்று.

இலையிலிருந்து சொட்டாத இடத்தை அவளுக்கு விட்டு அவன் ஓரமாக நகர்ந்தான்.

"நாளைக்கு ஏலகிரிக்குப் போறேங்க, டீச்சர். மூணு மாச வேலை."

"கேள்விப்பட்டேன்."

"என்னாலதான் உங்களுக்கு அந்த எடம்..."

"உங்களாலன்னு யாரு சொன்னா? என் முடியாலன்னு ஊருக்கே தெரியுமே."

அவன் சிரித்துவிட்டான். சிரித்தால் கண் இரண்டும் காணாமல் போயின. இத்தனை நேரம் இதற்காகவா காத்திருந்தேன்... என்று அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

சிரிப்பு அடங்கியதும் அவன் தரையைப் பார்த்துப் பேசினான். "நான் அஞ்சாம் கிளாஸுக்கு மேல படிக்கலீங்க. கையும் இப்படி. ஒண்ணு கேக்கணும்ன்னு எட்டு நாளா மனசுல வெச்சிக்கினு இருக்கேன், கேக்கறதுக்கு எனக்கு யோக்யத இருக்குதான்னு தெரியல."

அவள் முந்தானையை விரலில் சுற்றினாள், அவிழ்த்தாள், மறுபடி சுற்றினாள். ஆனால் குரல் என்னமோ வகுப்பில் வருகிற மாதிரியே நிதானமாக வந்தது.

"கோயில்ல மூணு ஞாயிறு ஓலை படிப்பாங்க இல்ல... இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம், யாருக்காச்சும் தடை இருந்தா சொல்லலாம்ன்னு?"

"படிப்பாங்க."

"அதுல நம்ம பேரு வந்தா ஊர்ல யாரு எழுந்து இன்னா சொல்லுவாங்களோ எனக்குத் தெரியாது. உங்களுக்கு ஏதாச்சும் தடை இருந்தா மட்டும் இப்பவே சொல்லிடுங்க."

அவன் நிமிர்ந்தான். மழைத்துளி ஒன்று அவன் இமையில் நின்று, கன்னத்தில் இறங்கியது. அவன் துடைத்துக்கொள்ளவில்லை.

"எனக்குத் தடை இல்லைங்க" என்றான். பிறகு, பூசையில் பதில் சொல்கிற மாதிரி மெதுவாக, இன்னொரு தடவை... "இல்ல, சவுரியம்மா."

டீச்சர் என்று அவன் சொல்லவில்லை என்பதை அவள் கவனித்தாள். கோயில் வாசலில், எப்போதோ வெளியே வந்துவிட்ட அப்பா, மூடிய குடையோடு மழையில் நனைந்துகொண்டே, சுவரில் ஒட்டியிருந்த பழைய நோட்டீசைத் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருந்தார்.